காயில் கட்டும் கடையில் சாமி படம் ஏன் இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் எரிந்துபோய்க் கொண்டுவருகிறவர் உடனே திரும்பிப் போக மாட்டார். அங்கே காட்டில் பயிர் காய்ந்துகொண்டிருக்கும். இன்றைக்கே ஆகுமா, நாளைக்குத்தானா என்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்ததும் சுவரைப் பார்ப்பார். கபாசிட்டர் கம்பெனி காலண்டர் ஒன்று, கம்பி கேஜ் அட்டவணை ஒன்று. வேறு எதுவும் இருக்காது. பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இருபது வருடமாக ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அதனால் ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. வேலை நடுவில் சொல்ல முடியாமல் விட்டதையும் பதில்களில் சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் படத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

ஏனுங்ணா, ஒரு சாமி படங்கூட இல்லீங்களே, நீங்க கிறிஸ்டியனுங்களா?

இல்லைங்க. நம் சாமி இல்லையென்றால் வேறு ஏதோ ஒரு சாமி இருந்தாக வேண்டும் என்றுதான் நம் ஊரில் முதலில் தோன்றும். எனக்கு எந்தச் சாமியும் இல்லை. அப்பா காலத்தில் முருகன் படம் இருந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கக் கழற்றினேன், காய்ந்த பிறகு திரும்ப மாட்டக் கை போகவில்லை. ஞானோதயம் ஒன்றும் நடக்கவில்லை. படம் இப்போது அம்மாவின் அறையில், தினமும் பூவோடு இருக்கிறது.

அப்ப சாமியே இல்லைங்கறீங்களா?

ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் மெக்கர், அதாவது கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மீட்டர், வைத்துப் பார்ப்பேன். காயில் பாடியில் இடிக்கிறதா, பேரிங் பிடித்திருக்கிறதா, ஒரு பேஸ் வராமலே ஓடி எரிந்ததா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவேன். எதுவும் பிடிபடாவிட்டால் "தெரியலைங்க, பிரிச்சுப் பாக்கறேன்" என்பேன். அப்படி இல்லாமல் "காத்துக் கருப்பு பட்டுருச்சுங்க" என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்கினால் விடுவீர்களா? மோட்டாருக்கு ஒரு கணக்கு, சாமிக்கு ஒரு கணக்கு என்று எனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நம்புவதற்குப் போதுமான காரணம் கிடைக்கவில்லை, அதனால் நம்பவில்லை.

ஆனால் "எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, கருணையே வடிவான கடவுள் ஒருவர் இந்த உலகத்தை நடத்துகிறார்" என்று யாராவது சொன்னால், அங்கே ஒரு படி மேலே போய் "இல்லை" என்பேன். எல்லைக் கருப்பனுக்கும் அந்தக் கடவுளுக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றல்ல. ஏன் என்பது பின்னால் வருகிறது.

நீங்க பெரியார் கட்சிங்களா?

எந்தக் கட்சியிலும் இல்லை. ஈரோட்டுக்காரர் மேல் மரியாதை உண்டு. 1925இல் அவர் 'குடி அரசு' ஆரம்பித்தபோது சாமி உண்டா இல்லையா என்பதைவிட, சாமியின் பெயரைச் சொல்லி யார் யாரைத் தெருவில் நடக்கவிடவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய கேள்வி. அதற்கு முந்தைய வருடம்தான் வைக்கத்தில் அந்தத் தெருவுக்காகவே சிறைக்குப் போயிருந்தார். கல்லும் செருப்பும் அந்தத் தலைமுறை வாங்கிக்கொண்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் பேச முடிகிறது.

1953இல் பிள்ளையார் பொம்மையை உடைத்தாரே, அது எனக்கு வராது. அம்மா முகம் ஞாபகம் வந்துவிடும்.

நாத்திகமே வெள்ளைக்காரங்கிட்ட இருந்து வந்ததுதானுங்களே?

வெள்ளைக்காரன் கப்பல் கட்டுவதற்கு முன்னாலேயே நம்மவர்கள் படைத்தவனைத் திட்டியிருக்கிறார்கள். புறநானூற்றில் 194ஆம் பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப் பறை, பக்கத்து வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், இன்னொருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இப்படி ஒரு உலகத்தை "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்கிறார் அவர். பண்பில்லாதவன்! நான் கடையில் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. வள்ளுவரும் 1062ஆம் குறளில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று சபிக்கிறார். இருவரையும் நாத்திகர் என்று நான் சொல்லவில்லை; வள்ளுவர் கடவுள் வாழ்த்தில்தான் ஆரம்பிக்கிறார். ஆனால் கணக்குக் கேட்பது தப்பு என்று அவர்கள் நினைக்கவில்லை.

மணிமேகலையில் ஒவ்வொரு சமயத்தாரும் தம் கொள்கையைச் சொல்லும் காதையில் பூதவாதி ஒருவர் வருகிறார். நிலம், நீர் போன்ற பூதங்கள் சேர்ந்தால் உணர்வு வருகிறது, பிரிந்தால் போகிறது, கண்ணால் காண்பதே சான்று என்பது அவர் வாதம். இன்னும் பக்கத்தில் வேண்டுமா, விஜயமங்கலத்துச் சமணக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் உண்டு என்பதைச் சமணம் ஏற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரும் சமணர்தான், கொங்கு நாட்டுச் சீனாபுரத்துக்காரர் என்பார்கள். படைத்தவன் இல்லாமலே நம் ஆட்கள் இலக்கணம்வரை எழுதியிருக்கிறார்கள்.

சாமி இல்லீன்னுட்டு கெடா விருந்துக்கு மட்டும் மொத ஆளா வந்தர்றீங்களே?

வருவேன், மறைக்கவில்லை. பங்காளிகள் எல்லோரும் வருடத்தில் ஒரு நாள் ஒன்றுசேரும் இடம் அது. பொங்கல் அடுப்புக்கு விறகு தள்ளுவேன், இலை போடுவேன், குழம்பு வாளி தூக்குவேன். பெரியவர் திருநீறு நீட்டினால் வாங்கிக்கொள்வேன். அந்தக் கையைத் தட்டிவிட்டு நான் நிரூபிக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆனால் நடப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாதே. கெடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைத் துலுக்கினால், அதாவது சிலிர்த்து உதறினால், சாமி வரம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் "என்ன கொறை வெச்சமோ" என்று ஒருவர் புலம்புவார், ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார், இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். அதிலும் துலுக்காவிட்டால் காதுக்குள் கொஞ்சம். கடைசிவரை துலுக்காமலே இருந்து உயிரோடு வீட்டுக்குத் திரும்பிய கெடாயை நான் பார்த்ததில்லை. "மாட்டேன்" என்று பதில் சொல்ல வழியே விடாமல் கேட்டுவிட்டு "சரி" என்று சொன்னதாகச் சந்தோஷப்படுகிறோம். இந்தக் கெடாயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலும் வரும்.

பக்கத்துலயே சிவன்மலை இருக்குது. உத்தரவுப் பெட்டி பலிக்குதே, அதுக்கு என்ன சொல்றீங்?

வெளியூர்க்காரருக்காக: காங்கேயத்தை ஒட்டிய சிவன்மலை முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தர் கனவில் ஆண்டவர் ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலில் வந்து சொன்னால் பூ வாக்குக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். அந்தப் பொருளை ஒட்டி நாட்டில் ஏதோ நடக்கும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது என்று கடையில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிக்கை இல்லை.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். தண்ணீர் வைத்த அன்றைக்கு "கடல் பொங்கும், இந்தத் தேதி, இந்தக் கரை" என்று யார் சொன்னார்கள்? நடந்த பிறகுதானே சொன்னோம். தண்ணீர் வைத்தபின் நல்ல மழை பெய்திருந்தால் அதற்கும் பொருந்தியிருக்கும், பஞ்சம் வந்திருந்தால் அதற்கும் பொருந்தியிருக்கும். மண் வைத்தால் நில விலை ஏறலாம், இறங்கலாம், எங்காவது நிலம் நடுங்கலாம். எது நடந்தாலும் பொருந்துகிற வாக்கு எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கெடாய் துலுக்கிய கதைதான் இதுவும். பெட்டியில் இருக்கும் பொருளை வைத்து, என்ன நடக்கும் என்று தேதி போட்டு எழுதி என் கடையில் கொடுங்கள், காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆணி இன்னும் காலியாக இருக்கிறது.

கழுதைக்குக் கண்ணாலம் பண்ணி வெச்சா மழ வருதுங்களே?

மழை பெய்துகொண்டிருக்கும்போது யாராவது கழுதைக்குக் கல்யாணம் செய்திருக்கிறார்களா? வெயில் உச்சத்துக்குப் போனபின்தான் செய்வோம். உச்சத்துக்குப் பிறகு மழைதான் வர வேண்டும். கழுதை பாவம், அதற்கு மொய்கூட இல்லை.

பண்ணாரியில லட்சம் பேரு குண்டம் எறங்கறாங்க. காலு சுடறதில்லீங்களே, அது எப்படிங்?

இந்தக் கேள்விக்கு மட்டும் எலெக்ட்ரீசியனாகப் பதில் சொல்ல ஆசை. சூடு வேறு, சூடு பாய்வது வேறு. செம்பும் கரியும் ஒரே சூட்டில் இருந்தாலும் செம்பு தன் சூட்டை உடனே உங்கள் தோலுக்குள் தள்ளிவிடும். கரி மெதுவாகத்தான் தள்ளும். அடுப்பிலிருந்து தணலை விரலால் எடுத்துச் சுருட்டுப் பற்றவைக்கும் தாத்தாக்களைப் பார்த்திருப்பீர்கள். அதே அடுப்பில் காய்ந்த இரும்புக் கம்பியை அவரே தொட மாட்டார். குண்டத்தில் இருப்பது விறகுத் தணல், மேலே சாம்பல் பூத்திருக்கும், ஒவ்வொரு அடியும் தணலில் படுவது ஒரு நொடிக்கும் குறைவு. 1935இல் குடா பக்ஸ் என்பவரை இங்கிலாந்தில் தணல் மேல் நடக்கவைத்துப் பார்த்த குழுவும் இதைத்தான் சொன்னது: கரியின் குறைந்த வெப்பக் கடத்தலும், கால் படும் நேரம் குறைவு என்பதும் போதும். நின்றால் சுடும். தடுக்கி விழுந்தால் விரதம் இருந்தவருக்கும் சுடும். அப்படிச் சுட்டால் "சுத்தபத்தமா இல்லை" என்று அவர்மேலேயே பழி போடுகிறோம் பாருங்கள், எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில் மட்டும்தான்.

இப்படி அற்புதங்களுக்குக் காரணம் காட்டும் வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்த ஒருவர் நம் கோவைப் போத்தனூரில் இருந்தார். பி. பிரேமானந்த், 1930இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். வெறும் கையில் விபூதி வரவைப்பார், பிறகு எப்படி வரவைத்தேன் என்று அதே மேடையில் காட்டிக்கொடுப்பார். 'இந்தியன் ஸ்கெப்டிக்' என்ற பத்திரிகையை இங்கிருந்துதான் நடத்தினார். அவருக்கு முன்னால் இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல், ஏமாற்ற முடியாத நிலைமையில் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். பிரேமானந்தும் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். கடைசிவரை யாரும் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போகவில்லை.

ஆத்தாளைப் பத்தி எடக்குப் பேசாதீங்கண்ணா, ஊட்டுல அம்மை போட்ரும்.

போட்டது. மகளுக்குச் சின்ன வயதில் சின்னம்மை போட்டது, பக்கத்துத் தெருவில் தினமும் கோயிலுக்குப் போகிற வீட்டுக் குழந்தைக்கும் போட்டது. இருவரும் ஒரே பள்ளிக்கூடம். வேப்பிலை கட்டி, வெளியாளை உள்ளே விடாமல், புளி காரம் தள்ளி வைத்து அம்மா பார்த்துக்கொண்டாள். பிள்ளையைத் தனியே வைக்கும் அந்தப் பழக்கத்தில் நல்ல புத்தி இருக்கிறது, நான் குறுக்கே போகவில்லை.

ஆனால் பெரியம்மை என்ன ஆனது? இந்தியாவில் 1975க்குப் பிறகு யாருக்கும் வரவில்லை, 1980இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஆத்தா மனம் குளிர்ந்ததாலா? அதற்கு முன்னால் எத்தனை நூறு வருடம் கூழ் ஊற்றினோம். ஊர் ஊராக வந்து ஊசி போட்டவர்களால் போனது. கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது, 2021இல் இருகூர் பக்கம் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். புதுப் பயம் வரும்போதெல்லாம் அதற்கு ஒரு முகம் செய்துகொள்கிறோம். எனக்கு அதில் கேலி இல்லை; முகம் தெரியாத பயத்தோடு தூங்க முடியாது.

எங்கம்மா ஐசியூவுல கெடந்தப்ப வேண்டிக்கிட்டோம், பொழச்சுட்டாங்க. அதையும் இல்லீன்னு சொல்லுவீங்களா?

கண்ணில் நீரோடு கேட்டவரிடம் நான் சொன்னது, "நல்லாருக்காங்களா, சந்தோசங்க" என்பது மட்டும்தான். இங்கே எழுதுவதால் மீதியையும் சொல்கிறேன். அதே வார்டில் அடுத்த கட்டிலுக்கும் யாரோ வேண்டியிருப்பார்கள். அந்தக் கட்டில் காலியானது. அந்த வீட்டார் என் கடைக்கு வந்து "வேண்டினோம், போய்ட்டாங்க" என்று சாட்சி சொல்வதில்லை. பிழைத்தவர் கதை மட்டுமே நடந்து வந்து நம் காதை அடைகிறது.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர், மூன்று பிரிவு. முதல் இரண்டு பிரிவுக்கும் தங்களுக்காக வேண்டப்படலாம், வேண்டப்படாமலும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம், வேண்டப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. மூன்றாம் பிரிவுக்கு உங்களுக்காக நிச்சயம் வேண்டுகிறோம் என்று சொல்லியே வேண்டினார்கள். அதில் 59 சதவீதம். "நமக்காக ஆள் வைத்து வேண்டுகிற அளவுக்கு மோசமா" என்று பயந்திருப்பார்களோ என்னவோ.

சரி, உங்களுக்கு எல்லாம் வல்ல கடவுள் மேல மட்டும் என்னங்க தனிக் கோபம்?

கோபம் இல்லை, கணக்கு. அண்ணன்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்காத கொங்குக்காரர் குறைவு. அவர்கள் யார்? படுகளத்தில் விழுந்து செத்தவர்கள். தங்கை அருக்காணித் தங்கத்தைக்கூடக் கடைசியில் காப்பாற்ற முடியாமல் போனவர்கள். அவர்களிடம் போய் "உலகத்தில் ஏன் இவ்வளவு துன்பம்" என்று நான் கேட்பேனா? அவர்களே துன்பப்பட்டவர்கள். கருப்பனுக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் அவர் பொறுப்பு இல்லை. பேரமும் நேரடியானது: நீ மழை கொடு, நான் கெடாய் வெட்டுகிறேன். நம் சாமிகள் எல்லாம் வல்லவை என்று நம் பாட்டிமார் சொன்னதே இல்லை. எல்லாம் வல்லவருக்குக் கெடாய் எதற்கு?

இப்போது மற்றவரைப் பாருங்கள். கரண்ட் இல்லாதவர் மோட்டார் போடவில்லை என்றால் யாரும் குறை சொல்ல மாட்டோம். கிணற்றில் தண்ணீர் இல்லாதவரையும் சொல்ல மாட்டோம். பக்கத்துக் காடு காய்வது தெரியாதவரையும் விட்டுவிடலாம். ஆனால் கரண்டும் உண்டு, தண்ணீரும் உண்டு, காய்வதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார், சுவிட்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதோடு ஊரிலேயே கருணையானவர் என்றும் பெயர். அவர் மோட்டாரைப் போடவில்லை. அப்படியொருவரைப் பற்றி ஊரில் என்ன பேசுவோமோ அதைத்தான் நான் பேசுகிறேன். வல்லமை, அறிவு, கருணை மூன்றில் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். குறைக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

அதெல்லாம் அவங்கவங்க முன்ஜென்மத்து வினைங்க. இல்லாட்டிச் சோதனைங்க.

2019 டிசம்பர் 2, விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூரில் அடைமழையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் சரிந்து, ஒட்டியிருந்த சின்ன வீடுகள்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள், தலித் மக்கள். அவர்கள் வினை என்று ஒருவர் என் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அந்தச் சுவரை அவ்வளவு உயரமாக, அந்த இடத்தில், அப்படிக் கட்டியது யார் என்று கேட்க வேண்டிய இடத்தில் வினை வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன ஜென்மத்தில் என்ன செய்தோம் என்று தெரியாத ஒருவருக்கு இந்த ஜென்மத்தில் தண்டனை என்றால், அவர் திருந்துவது எதை?

சோதனை என்பவர்களுக்கு: 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணிக்குக் கும்பிடப் போனவர்களையே கடல் கொண்டுபோனது. கைக்குழந்தைக்கு என்ன பரீட்சை? "மனுசனுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார், தப்பு மனுசனுடையது" என்பதும் இங்கே உதவாது. கடலுக்கடியில் நிலம் நகர்ந்தது யாருடைய சுதந்திரம்?

தன்னால தூக்க முடியாத கல்லைக் கடவுளால படைக்க முடியுமான்னு கேப்பாங்களே, நீங்களும் அதக் கேப்பீங்களா?

கேட்க மாட்டேன். அது சொல் விளையாட்டு. முடியாததைச் செய்ய முடியாது என்பது யாருக்கும் குறையில்லை என்று ஆத்திகர் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். முந்தின இரண்டு பதில்களுக்குப் பதில் சொல்லட்டும், கல்லை நான் விட்டுவிடுகிறேன்.

நீங்க காயில் கட்டாம மோட்டார் தானா வருமா? அப்ப இந்த ஒலகத்தைக் கட்டுனவரு ஒருத்தரு இருக்கோணுமில்ல?

பெஞ்சில் வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது, என் தொழிலாலேயே என்னை மடக்குவதால். ஆனால் மோட்டார் குட்டி போடுவதில்லை. காங்கேயம் மாடு போடும். கன்று சிவப்பாகப் பிறந்து மாதங்கள் போகப் போகச் சாம்பல் நிறமாகும், திமிலும் கொம்பும் இன்னதென்று பார்த்த உடனே தெரியும். பழையகோட்டைப் பக்கம் தலைமுறைகளாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததில் தேறிய இனம். ஒவ்வொரு தலைமுறையிலும் சின்ன வித்தியாசம், அதில் சிலது மட்டும் நிற்கிறது. பொறுக்கும் மனிதன் இல்லாமலே, பஞ்சமும் நோயும் புலியும் அந்த வேலையைக் கோடிக்கணக்கான வருடம் செய்தால் என்ன ஆகும் என்பதைத்தான் டார்வின் 1859இல் எழுதினார்.

"சரி, எல்லாவற்றுக்கும் முதல்?" என்பார்கள். பேரண்டம் விரியத் தொடங்கி ஏறக்குறைய 1,380 கோடி வருடம் என்பதுவரை அளந்திருக்கிறார்கள். அது ஏன் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. மோட்டாருக்கு ஆள் வேண்டும் என்றால் ஆளுக்கும் ஆள் வேண்டும். "அவர் மட்டும் தானாக இருக்கிறார்" என்று நிறுத்தலாம் என்றால் ஒரு படி முன்னாலேயே நிறுத்திக்கொள்ளலாமே. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்வது பற்றி இரண்டாவது கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

ராக்கெட் உடறவங்களே திருப்பதிக்குப் போயிட்டுத்தான் உடறாங்க, உங்களுக்கென்னங்க?

போகட்டும். ஆனால் எரிபொருளைக் குறைத்துவிட்டுப் போவதில்லை. ராக்கெட் விழுந்தால் விசாரணைக் குழு வால்வைத்தான் பார்க்கிறது, வேண்டுதலில் என்ன குறை என்று பார்ப்பதில்லை.

சாமி பயம் இல்லீன்னா மனுசன் தப்புப் பண்ண மாட்டானா?

என் தொழிலில் ஏமாற்றுவது மிகச் சுலபம். செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியம் கட்டலாம், கேஜ் குறைத்துக் கட்டலாம். வார்னிஷ் அடித்து உள்ளே தள்ளிவிட்டால் உங்களுக்குத் தெரியாது, ஆறு மாதம் ஓடும். நான் தொழில் பழகிய கடையில் கல்லாவுக்கு மேலே ஏழெட்டுப் படம், காலையும் மாலையும் சாம்பிராணி. அலுமினியம் கட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். வெள்ளிக்கிழமை மட்டும் கட்ட மாட்டார்.

அதற்காகச் சாமி கும்பிடுகிறவர் ஏமாற்றுவார் என்று அர்த்தமில்லை. ஊரிலேயே நேர்மையான கம்பி வியாபாரி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், அவரிடம்தான் இன்றும் வாங்குகிறேன். படம் இருப்பதும் இல்லாததும் கம்பியைத் தீர்மானிப்பதில்லை என்கிறேன். நான் செம்பு கட்டுவதற்குக் காரணம், மோட்டார் பாதியில் எரிந்தால் அந்தக் காட்டுக்காரரின் வெங்காயம் காய்ந்துபோகும் என்று தெரிவதுதான். எரிந்த மோட்டாரோடு அவர் மறுபடி இந்தப் பெஞ்சில்தான் வந்து உட்காருவார்.

தைரியம் இருந்தா மத்த மதத்தையும் கேளுங்க பாக்கலாம்?

இதுவரை சொன்னதில் எது ஒரு மதத்துக்கு மட்டும் பொருந்துகிறது? எல்லாம் வல்லவர் பற்றிய கேள்வி, ஒரே கடவுள் என்பவர்களுக்கு நம்மைவிடப் பலமாகவே படும். வேளாங்கண்ணியையும் எழுதியிருக்கிறேன். கெடாய், குண்டம் அதிகம் வருவதற்குக் காரணம் நான் வளர்ந்த வீடு. தெரியாத வீட்டுச் சமையலில் உப்புப் பார்க்கப் போனால் தப்பாகத்தான் சொல்வேன்.

ஆனால் கேட்பவரின் உள்குத்து எனக்குப் புரியாமல் இல்லை. 2017 மார்ச்சில் கோவை உக்கடத்தில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் மறுப்புப் பேசிய ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். 2013 ஆகஸ்டில் புனேயில் மூடநம்பிக்கையை எதிர்த்த நரேந்திர தபோல்கரைக் காலை நடையில் சுட்டுக் கொன்றார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்கிறவரிடம் நான் இந்தப் பேச்சைத் தொடர்வதில்லை, மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

ஆயுத பூசைக்குப் பொரி குடுக்கறீங்க, புள்ளை கண்ணாலத்தை எப்படிங்க பண்ணுவீங்க?

பொரி பையன்களுக்காக. வருடத்தில் ஒருநாள் மெஷினை முழுக்கத் துடைத்து எண்ணெய் போடும் நாள் அது, எனக்கும் பிடிக்கும். கல்யாணம் மகள் விருப்பம். 1967இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால், உறவினர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே, தாலி கட்டினாலே செல்லும், சடங்கு தேவையில்லை. அவள் சடங்கு வேண்டும் என்றால் அதுவும் சரி. ஐயர் இல்லாமல் அருமைக்காரர் நடத்தும் கல்யாணம் கொங்கில் பழைய வழக்கம்தானே. நான் பந்தியில் நிற்பேன்.

கடேசிக் காலத்துல படுத்தீங்கன்னா நீங்களே 'முருகா'ம்பீங்க, பாருங்க.

சொன்னாலும் சொல்வேன். வலியில் ஆள் என்ன கத்துவான் என்று யாருக்குத் தெரியும். அப்படிக் கத்தினால் எனக்கு வலி என்பதற்கு அது சாட்சி, முருகன் இருப்பதற்கு அல்ல. போத்தனூர் பிரேமானந்த் இந்தப் பேச்சு வரும் என்று தெரிந்தே, 2009இல் நோய் முற்றிக் கிடந்தபோது, நான் மனம் மாறவில்லை, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தார். அடுத்த மாதம், அக்டோபரில் இறந்தார். எனக்கு அவ்வளவு முன்யோசனை கிடையாது.

ஏஞ்சாமி, நாம் போனா கொடுமுடிக்கு வந்து திதி குடுப்பியா, மாட்டியா?

இதைக் கேட்டது அம்மா. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், ஆனால் மற்ற எல்லோரும் கேட்டதைவிட அதிக நாள் மண்டையில் ஓடியது. போன உயிர் காவேரிக் கரையில் வந்து எள்ளும் தண்ணீரும் வாங்கிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. நம்புவதாக அவளிடம் பொய் சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் எனக்காகக் கேட்கவில்லையே அவள்.

"வர்றேம்மா. முங்கி எந்திரிச்சு, அய்யரு சொல்றதையெல்லாம் பண்றேன்" என்றேன். "நெசமாலுமே கும்புடுவியா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முருகன் படத்துக்குப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்புறம், "சரி, எள்ளாவது சிவகிரிச் சந்தையில நல்லதாப் பாத்து வாங்கு" என்றாள்.